கழிவு

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பேரேடுகளை எடைக்குத்தான் வாங்கினேன்.
கிலோ அறுபது ரூபாய்.
பர்மா எனாமல் தூக்குகளுக்கு அடியில்
மூன்று கட்டு, கரையான் தின்றது போக இரண்டரை.
"ரிசார்ட்டுக்கா டீச்சர், பிரேம் போட்டு மாட்டவா?"
என்றார் சாகுல் அமீது.
ஆராய்ச்சிக்கு என்றதும்
கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்தார்.
இரக்கமாக இருக்கலாம்.

ரக்தாட்சி வருஷம், ஐப்பசி.
நா.வயி. வீட்டின் இரண்டாம் கட்டு எழும்புகிறது.
பிள்ளையார் சுழிக்குக் கீழே
கணக்கப்பிள்ளையின் கை
எறும்புச் சாரியாய், பிசகாமல்:
கருப்பட்டி நாலு சிப்பம்.
கடுக்காய் ஒன்றேகால் மூட்டை.
முட்டை ஆயிரத்து நூற்று நாற்பது,
அதில் உடைசல் பதினாறு.
சித்தாள் இருபத்திரண்டு.

உடைந்த முட்டைக்கும் கணக்கு இருந்தது.
இருபத்திரண்டு பேருக்குப் பெயர் இல்லை.
அந்தக் கடைசி வரியை வைத்துத்தான்
முனைவர் பட்டம் வாங்கினேன்.
வாய்மொழித் தேர்வில் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"சித்தாளெல்லாம் வரலாறா?" என்றார்.
அவர் வீட்டு மாடிக்கு அன்று தளம் போட்டார்கள்.
அவசரமாகக் கிளம்பிப் போனார்.

பதினோரு வருஷம் கழித்து
ஒட்டிக் கிடந்த இரண்டு தாள்களைக்
கெட்டில் ஆவியில் பிரித்தபோது
அவள் வந்தாள்:
'சித்தாள் அரியநாச்சி. உச்சிக்கு மேல் பிரசவம்.
அரை நாள் கழிவு.'

உச்சி வரை அரைத்திருக்கிறாள்.
எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்,
அதை ஒளிக்க மாட்டேன்.
ஒரு பெயர் கிடைத்த சந்தோஷம்.
வயிற்றைப் பிசைந்தது அதற்குப் பிறகுதான்.
பிறந்தது ஆணா பெண்ணா, தங்கியதா,
ஒன்றும் இல்லை.
ஒன்பதாம் நாள் எண்ணிக்கை
மறுபடியும் இருபத்திரண்டு.
அது அவளா, அவள் இடத்தில் இன்னொருத்தியா?

பள்ளத்தூர், மானகிரி, கொத்தமங்கலம்,
சனிக்கிழமைதோறும் டவுன் பஸ்.
அரியநாச்சி என்று விசாரித்தால்
கோயிலுக்கு வழி காட்டினார்கள்.

அப்புறம் நா.வயி. குடும்பத்தாரே கூப்பிட்டார்கள்.
வீடு கட்டிய ஐயாவுக்கு வாழ்க்கை வரலாறு,
வழவழத் தாளில், வண்ணப் படங்களோடு.
எழுதினேன். பணம் வாங்கிக்கொண்டுதான்.
மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் இருந்தது.
ஐயா மோல்மீனுக்குக் கப்பலேறியது,
வட்டி குட்டி போட்டது,
தேக்கு வந்து இறங்கியது
என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எல்லாப் பக்கத்தையும் திருத்தினார்கள்.
பொருளடைவை யாரும் தொடவில்லை.
அங்கே அகர வரிசை என் கட்சி:
அரியநாச்சி, 41.
வயிரவன் செட்டியார் எங்கோ கடைசியில்,
வகரத்தில்.

பொன்னாடை போர்த்தினார்கள், சாப்பாடு பிரமாதம்.
ஒரு மாதம் கழித்து
அந்த வீட்டு மருமகள் ஒருத்தி
சிங்கப்பூரிலிருந்து பேசினாள்.
"நாப்பத்தொண்ணுல அந்தப் பேரே இல்லையே?"
"அந்தப் பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்குமே."
"ஆமா. அச்சுப்பிழைன்னு நினைச்சேன்."
பிறகு இருவருமே கொஞ்ச நேரம்
போனை வைக்கவில்லை.

போன வாரம் ஓய்வூதியக் கோப்பு.
எழுத்தர் தம்பி என் பணிப்பதிவேட்டைப் புரட்டி
விரல் வைத்து நிறுத்தினான்.
"தொண்ணூத்தொண்ணுல நாப்பத்து மூணு நாள்
ஊதியமில்லா விடுப்பு.
சர்வீஸ்ல கழிஞ்சிரும்மா."
காரணம் என்ன போட்டிருக்கிறது என்றேன்.
"கட்டம் காலியா இருக்கு."

கணக்கப்பிள்ளை எழுதியிருப்பான்.
முப்பது வருஷமாய் அவனோடு சண்டை போட்டவள்,
அன்றைக்கு அவனைத் தேடினேன்.

ஆவணத்தின் மேல் மை படக்கூடாதென்று
மாணவர்களின் பேனாவை வாசலிலேயே
பிடுங்கி வைத்தவள்,
தம்பியிடம் பேனா கேட்டேன்.
அவன் கொடுத்துவிட்டு
மின்விசிறியைக் கூட்டி வைக்க எழுந்து போனான்.

சின்னக் கட்டம்.
ஒரு சொல்தான் கொள்ளும்.